சுவரில் இரண்டு தட்டு

அந்தச் சந்தில் அப்போதெல்லாம் சத்தம் போடாமல் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. இடது பக்கம் தகரப் பட்டறை, எதிரில் மரக்கடை, வலது பக்கச் சுவரை ஒட்டி அச்சகம். நடுவில் ஒற்றை அறையில் தையல்காரி. மிஷினை மிதித்தால் அவள் காதுக்கே கேட்காது. ஆனால் அச்சகக்காரருக்கு மட்டும் எப்படியோ கேட்கும். அரை மணி நேரம் மிஷின் ஓடவில்லை என்றால் சுவரில் இரண்டு தட்டு விழும். இருக்கிறாயா என்று அர்த்தம். அவள் கத்தரிக்கோலால் பதிலுக்கு இரண்டு தட்டினால், மனுஷர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கூடப் பிறந்த அண்ணன்கூட அவளை அப்படி விசாரித்ததில்லை. புருஷன் இறந்த வாரம் அவள் மிஷின் பக்கமே போகவில்லை, அச்சகமும் ஓடவில்லை. வேலை கொடுத்தவர்கள் வந்து குதித்தும் அவர் அசைந்து கொடுக்கவில்லையாம்.

பிறகு ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். பட்டறை காபிக் கடையானது. மரக்கடை உடற்பயிற்சிக் கூடமானது. அச்சகக்காரர் மகள் வீட்டுக்குப் போனார், அங்கிருந்து ஒரேயடியாகப் போய்விட்டார். அச்சகத்தை வீடாக்கியதும், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண் குடிவந்தாள். சந்துக்கு நாகரிகம் வந்துவிட்டது என்றார்கள். வந்த நாகரிகத்தின் முதல் பலன், தையல்காரியின் மிஷின் சத்தம் எல்லாருக்கும் கேட்கத் தொடங்கியதுதான்.

அந்தப் பெண் புகார் சொல்லியிருக்கிறாள். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் வந்து, சத்தம் கூடாது, மிஷினை வேறு எங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கே கொண்டுபோவது? முப்பத்தெட்டு வருடமாக அவளுக்குச் சோறு போட்ட மிஷின். அடியில் கம்பளியை மடித்து வைத்துப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கடகடத்தது. வயிற்றெரிச்சலோடு ஒரு போர்வையை எடுத்து மிஷின்மேல் போட்டாள். பாதி தைத்த சட்டை ஊசிக்கடியிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அக்கா, உள்ள இருக்கீங்களா?" அந்தப் பெண்ணின் குரல்தான். "ரெண்டு நாளா சத்தமே இல்லையே. உடம்புக்கு ஏதும் முடியலையா? காலைல மீட்டிங் நேரத்துல மட்டும் நிறுத்தச் சொல்லுங்கன்னுதான் வீட்டு ஓனர்கிட்ட சொன்னேன்."

வாய் நிறைய வைவதற்கு அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டினாள்.

"அக்கா? என்னாச்சு?"

பாவம், அவளுக்கு அந்தப் பாஷை எப்படித் தெரியும்? தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையை உருவிப் போட்டாள். உட்கார்ந்து மிஷினை மிதித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரவில்லை.