இழவு வீட்டில் சொன்ன வார்த்தை

போன மாதம் வெண்ணந்தூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். தனியாக அல்ல... ஒரு மந்திரியோடு.

மந்திரி எங்கள் ஜில்லாக்காரர், பெயர் வேண்டாமே. ஜெயில், சட்டசபை, மந்திரி நாற்காலி என்று படிப்படியாக ஏறியவர். எனக்குப் பள்ளிக்கூடத்து சிநேகிதர். அதனால்தான் காரில் எனக்கும் இடம்.

துக்கம், அவருடைய கட்சியின் சட்டசபை மெம்பர் ஒருவர் வீட்டில். தறி வைத்திருக்கும் குடும்பம். மெம்பரின் தாயார் தவறிவிட்டார். கொள்ளி வைத்த மகன் கருமாதி முடியும்வரை ஊரைத் தாண்டக் கூடாது. ஆனால் அதற்குள் சென்னையில் சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தல். மந்திரி ஜெயித்தால் மாகாணத்துக்கே பிரதம மந்திரி; தோற்றால் உள்ளதும் போய்விடும். எதிர்க் கோஷ்டியோ சரிக்குச் சரி. எப்படியாவது மெம்பரை ரயிலேற்றிவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

பாயில் உட்கார்ந்தோம். மெம்பர் குலுங்கி அழுதார். மந்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார் — நடிப்பில்லை, அந்த அம்மாள் கையால் சாப்பிட்டவர். ஓட்டுப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. எழுந்து வெளியே வந்தார். வாசலில் கூட்டம். கூட்டத்தைக் கண்டதும் கை தானாகக் குவிந்தது.

"சரிங்க, போயிட்டு வாரேனுங்க."

எல்லோரும் திகைத்துப்போனார்கள். இழவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு போவார்களா? சொல்லாமல் எழுந்து போவதல்லவா வழக்கம்? அவருக்கும் அது தெரியும். ஆனால் ஓட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு...

மெம்பரின் மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, இன்னொருக்கா இந்த ஊட்டுக்குத் துக்கத்துக்கு வரோணுமுங்களா?"

மந்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினார்.

"ஓட்டைக் கேக்கலையே?" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? இத்தனை வருஷமா ஊர் ஊரா 'வாரேன்'னு சொல்லிட்டுத்தான் போறேன். ஒருத்தரும் நம்புனதில்ல. இன்னைக்குத்தான் நம்பிப் பயந்துட்டாங்க."

மெம்பர் சென்னைக்குப் போகவில்லை. ஒரே ஒரு ஓட்டில் தோற்றார் என் சிநேகிதர். எனக்கு ஆறவேயில்லை. இத்தனை வருட உழைப்பு இப்படியா போக வேண்டும்?

கருமாதியன்று நானும் வெண்ணந்தூர் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் மாஜி மந்திரி. காரும் இல்லை, டவாலிச் சேவகனும் இல்லை. மெம்பர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தியில் உட்காரும்வரை விடவில்லை.

மெம்பரின் மனைவி மோர் ஊற்ற வந்தார்.

"அன்னைக்குச் சொன்ன வார்த்தை இதோட கழிஞ்சுதுங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏனுங்க... பதவி இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

சட்டசபையில் எதைக் கேட்டாலும் "முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும்" என்று நழுவிவிடுகிற மனிதர். இலையைப் பார்த்தபடி, உடனே பதில் சொன்னார்.

"வந்திருக்க மாட்டேனுங்க."