பெட்டகத்தைத் திறந்த நாள்

அன்று ராத்தாவின் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கதவுச் சீலைக்குப் பின்னால் என் மூத்த சகோதரி, ராத்தா. முன்னறையில் அவருடைய மாப்பிள்ளை, அதாவது என் மச்சான். கொழும்பிலிருந்து வந்த துப்பறியும் அதிகாரி. அவருக்கு மொழிபெயர்க்க ஒரு பொலிஸ்காரர். மூலையில் நான். தாங்களும் நின்றதாக ஊரில் பலர் பிறகு சொன்னார்கள். பொய்.

மச்சான் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுப்பவர். கள்ளப் பங்கீட்டுக் கூப்பனுக்கு அங்கே அரிசி போயிருந்தது. அதைத் துப்பறியத்தான் வந்தார்கள். வரட்டும், அது அவர்கள் வேலை.

“இது ஒன்ட ஊடா?” என்று பொலிஸ்காரர் தொடங்கினார்.

“இல்ல ஐயா, பொஞ்சாதிட ஊடு.”

“பெட்டகத்துல என்ன இருக்கு?”

“தெரியா ஐயா. அது அவட பெட்டகம்.”

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். மானமுள்ள ஆண் மனைவியின் பெட்டகத்தில் கை வைக்கமாட்டான். மச்சான் சொன்னது அத்தனையும் உண்மை. அதிகாரி சிரித்து ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் அதை, அண்ணன் என்று பொருள்படும் எங்கள் ‘காக்கா’வையும் சேர்த்து, தமிழாக்கினார்:

“ஊடும் ஒன்ட இல்ல, பெட்டகமும் ஒன்ட இல்ல. அப்ப நீ என்ன காக்கா, இஞ்ச விருந்தாளியா?”

களவெடுத்ததை மனைவி பெயரில் ஒளித்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். பெட்டகத்தைத் திறந்தார்கள். புடவைகளுக்கு அடியில் ஒரு பால்மா டின் நிறையக் காசு.

“அது என்ட காசு!” சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா கத்தினார். “பாய் இழைச்சு வித்தது. கூரைக்கு ஓடு போட வெச்சிருக்கன். தம்பிக்கிட்டக் கேளுங்க, அவன்தான் சம்மாந்துறைக்குக் கொண்டுபோய் வித்தவன்!”

“ஓமா?” பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எதைச் சொன்னால் என்னையும் ஜீப்பில் ஏற்றுவார்களோ, எதைச் சொன்னால் மச்சானுக்கு வினையாகுமோ என்று பயந்து பாதியை மட்டும் சொன்னேன்.

“வித்தன்... எவ்வளவுக்கெண்டு தெரியா.”

சதம் சதமாகத் தெரியும் எனக்கு! இன்றைக்கும் என் வாயில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ராத்தாவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காசுக்காரியை விட்டுவிட்டு, காசைத் தொடாதவரையும் டின்னையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

மூன்று மாதத்தில் கூப்பன் அச்சடித்தவனை வேறொரு ஊரில் பிடித்தார்கள். மையை ஒப்பிட்டுப் பிடித்தார்களாம். கெட்டிக்காரர்கள்தான். மச்சானை விட்டார்கள். டின் வரவில்லை. கேட்கப் போனால், “காசு தன்னுடையதல்ல என்று அவரே கையொப்பம் வைத்திருக்கிறார். சொந்தக்காரர் யாரென்று தெரியாது” என்றார்கள். ஒரு துளி மையில் ஆளைக் கண்டுபிடித்தவர்களுக்கு, ஒரு சீலைக்குப் பின்னால் நின்று கத்திய பெண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ராத்தா மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை அந்தத் தென்னோலைக் கிடுகுக் கூரைதான். மாரி தோறும் ஒழுகியது. நான் ஒன்பது மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும், அன்று வாய்விட்டுச் சொல்லாத கணக்கை எழுதினேன். இதன் அடியிலும் எழுதுகிறேன். ராத்தாவுக்கு இன்னும் தர வேண்டியது: நூற்று எண்பத்தாறு ரூபா ஐம்பது சதம்.