தடை நீங்கிய பிறகு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். நிறவெறிச் சட்டங்களுக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்ல இந்தியா விதித்திருந்த தடை நீங்கிய சமயம், காங்கேயத்திலிருந்து எண்ணெய் மில்காரர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியில் துடைத்துவிட்டுத்தான் பேசுவார்.

அவருடைய அக்கா கல்யாணமாகி அங்குள்ள டர்பன் நகரத்துக்குக் கப்பலேறியவர். அதன்பிறகு கடிதங்கள் மட்டும்தான்.

"வேற நாடு வழியாச் சிலர் போய்ட்டு வந்தாங்களே, நீங்க போகலீங்களா?" என்றேன்.

"அக்காதானுங்க வேண்டாம்னு எழுதுச்சு. 'வெள்ளைக்காரன் உக்கார்ற பெஞ்சுல நான் உக்கார முடியாது. அது மாறற வரைக்கும் நம்மூர்க்காரங்க யாரும் இங்க வரக்கூடாது. நீயும் வராத கண்ணு'ன்னு."

"அது சரின்னு நினைக்கறீங்களா?"

"சரிதானுங்க. ஆனா ஒவ்வொரு தீவாளிக்கும் போயிரலாமான்னு இருக்குமுங்க."

"கடைசியில பெஞ்சுல உக்காந்தாங்களா?"

அவர் சிரித்தார். "உக்காந்துச்சாமுங்க. ரெண்டு மணி நேரம் எந்திரிக்கவே இல்லியாமா." கண்ணாடியைத் துடைத்தார். "போன வருசம் தவறிப்போச்சுங்க."

விசா விண்ணப்பத்தை எடுத்து, பயணத்தின் நோக்கம் என்னவென்று எழுதட்டும் என்று கேட்டேன்.

"அக்காளைப் பாக்கறதுக்குன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். அது பொய்யா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.