பருந்து அறையின் ஜன்னல்

எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கும் பருந்துக்கு அந்த நோயைக் கொடுத்தது நானா, இல்லை, வரும்போதே அது நெஞ்சுக்குள் கொண்டுவந்ததா? கால்நடை டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும் "சொல்ல முடியாதும்மா" என்றார்.

என் கணவர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். ராஜகிரிக் கோட்டைக்குப் போகும் வழியில் மின்கம்பியில் அடிபட்டு விழுந்த பருந்தை வனத்துறைக்காரர்கள் அங்கே கொண்டுவந்தார்கள். இறக்கை கூடும்வரை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தார். "ஒரு மாசந்தான்" என்றார். எங்கள் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். அவள் தூங்கும் அறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு கதவுதான்.

நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டில். அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. முட்டைகூட அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. நாங்களும் கறி சமைப்பதில்லை. வீடு கேட்டு வந்த அன்று நானாகவே கொடுத்த வாக்கு அது. பருந்தோ கோழிக்கறியைத் தவிர எதையும் தொடாது. வீட்டுக்கார அம்மாவிடம் போய் நின்றேன்.

"அடிபட்ட ஜீவன், இருக்கட்டும். அது இன்னா, என்னை மாதிரி தயிர்சோறா சாப்புடும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. வாடை மாடிக்குப் போய்விடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய அறைக்குள் வாடை தங்கிவிட்டது. மகளைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் நாட்களில், புகையை அப்படியே பின்னறைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். குழந்தைக்கு நல்லது பறவைக்கு மட்டும் கெடுதலா என்று நினைத்தேன். வெறும் சிமெண்ட் தரையில் நின்றால் பாதம் புண்ணாகுமே என்று, மாடி வீட்டுக்காரரின் கடலை மண்டியிலிருந்து வேர்க்கடலை உடைத்த ஓடு, மல்லாட்டைத் தொலி, ஒரு மூட்டை வாங்கிவந்து கனமாகப் பரப்பினேன். மூட்டையைக் கவிழ்த்தபோது எழுந்த தூசியில் ஈரக் குடோன் வாடை அடித்தது. அது தெரிந்தும் பரப்பினேன். பருந்து தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கவிழ்க்கும். மேலே காய்ந்தாற்போல் தெரிந்த தொலி, அடியில் ஈரமாகவே கிடந்திருக்கிறது.

மூன்றாவது வாரம் அதன் குரல் மாறியது. நான் உள்ளே போனால் நீளமாகச் சீட்டியடிப்பதுபோலக் கத்தும். அன்று கரகரத்துப் பாதியில் நின்றது. வாயைத் திறந்தே வைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. துண்டில் சுற்றி நிறுத்துப் பார்த்தோம். எடையும் குறைந்திருந்தது.

டாக்டர் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காலால் தொலியை மெல்லக் கிளறினார். அடியில் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம்.

"இந்தப் பொடி காத்துல எழும்பும். உள்ள போச்சுன்னா அங்கயே வளரும். பருந்துக்கெல்லாம் சீக்கிரம் புடிக்கும். ஜன்னல எதுக்கும்மா சாத்துனீங்க?"

"மேல வாடை போகும்னு மேடம்."

"புகை வேற போட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு நடுக்கதவைக் காட்டினேன்.

"பாப்பா பக்கத்து ரூம்லதான் தூங்குறா மேடம்."

"பறவைகிட்டருந்து ஒட்டாது. ஆனா அதே காத்தத்தான அவளும் இழுக்குறா? நல்லா இருக்குற கொழந்தைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இருமல் வந்தா காட்டிடுங்க."

'பெரும்பாலும்' என்ற அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. இருமல் வரும்வரை காத்திருக்காமல் மகளைக் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். இப்போதும் அவள் தும்மினால் முதுகில் காதை வைத்துக் கேட்கிறேன். என்ன சத்தம் கேட்டால் பயப்பட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மாஸ்க் கட்டிக்கொண்டு, தூசி எழாமல் தண்ணீர் தெளித்து, தொலியை அள்ளி மூட்டை கட்டினேன். படியில் நின்ற வீட்டுக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நான் எப்பம்மா சாத்தச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலம்மா. நானாதான்."

"வாடை வந்தா நான் மூக்கப் பொத்திக்கினு போறேன். அந்த ஜீவன் எங்க போகும்? தொறந்து வுடு."

இப்போது தரையில் செய்தித்தாள் விரித்து, காலையும் மாலையும் மாற்றுகிறேன். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. கறித்துண்டுக்குள் மருந்தை வைத்துக் கொடுக்கிறோம். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டுமாம். வால் ஆடுவது சில நாள் குறைந்த மாதிரி இருக்கிறது, சில நாள் இல்லை. எடை ஏறவில்லை, இறங்கவுமில்லை. வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமென்றால், அந்த மிரட்சியிலேயே நோய் முற்றிவிடும் என்கிறார் டாக்டர்.

இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வடக்குப் பார்த்த ஜன்னல். சாரல் நேராக உள்ளே அடிக்கிறது. திறந்து வைத்தால் சுவர் நனைந்து, மூலையில் கறுப்புப் புள்ளிகள் வருகின்றன. சாத்தினால் காற்று நின்றுபோகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் மகள் தூங்குகிறாள்.

மழைக்காலத்தில் இப்படி ஒரு பறவையை வைத்துக் காப்பாற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். சாரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட என்ன செய்தீர்கள்? அந்தச் சுவரை எதைக் கொண்டு துடைத்தீர்கள்? குழந்தை இருக்கும் வீட்டில் அதைக் கொண்டு துடைக்கலாமா? இப்போதைக்கு ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருக்கிறேன். அது சரிதானா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.