இழுத்துப் பார்த்த கை

போன மாதம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன். பழைய தையல் விட்டுப்போய்க் குடல் பிதுங்கி நின்றது. வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். எப்படி வலை என்று கேட்டேன். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே டிராயரில் ஒரு துண்டு வைத்திருந்தார். வெள்ளை. கொசுவலையை விடக் கொஞ்சம் தடிப்பு. கையில் கொடுத்தார். நீளவாக்கில் ஒரு இழுப்பு, அகலவாக்கில் ஒரு இழுப்பு, தொடையில் வைத்து ஒரு தட்டு. நான் நினைத்துச் செய்யவில்லை. கை செய்துவிட்டது.

டாக்டர் சிரித்தார்.

"பனியன் கம்பெனிங்களாம்மா?"

"ஆமாங்க. செக்கிங்."

"அதானே பார்த்தேன். தேறுச்சுங்களா?"

அகலத்தில் கொஞ்சம் கொடுக்கிறது என்றேன். அவர் அந்தத் துண்டை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார்.

திருப்பூரில் செக்கிங்கில் நின்றவர்களை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். துணி கைக்கு வந்தால் இழுத்துப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டோம். ஓட்டை, தையல் விட்டது, தளர்ச்சி எல்லாம் அந்த இழுப்பில் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பீஸ் என்று எண்ணியதில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, பையன் டீ-ஷர்ட் போட்டு வந்திருந்தான். டம்ளரை வாங்கும் சாக்கில் அவன் கையை இழுத்துப் பார்த்திருக்கிறேன், சட்டைக் கையைத்தான். துணி மட்டமாக இருக்கிறதென்று சொல்லியும் விட்டேன். கல்யாணம் நடந்தது. இன்று வரை அவர் என் முன்னால் டீ-ஷர்ட் போடுவதில்லை.

டாக்டர் கொடுத்த வலையில் வாசனையே இல்லை. அதுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது. எனக்குத் தெரிந்த வலைக்கு மெழுகுவத்தி அணைத்த வாசனை. பெருமாநல்லூர் ரோட்டில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட். பனியன் ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில், ஓனர் எங்கிருந்தோ ஒரு பழைய வலை பின்னுகிற மெஷினை வாங்கி அங்கே நிறுத்தினார். ஆஸ்பத்திரி வலை போட்டால் நாம் எங்கேயோ போய்விடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காக வந்தவர்தான் ஸ்டெல்லா மேடம்.

தூத்துக்குடிப் பக்கம். பெங்களூரில் பதினொரு வருடம் ஏரோப்ளேன் வேலை. ஏரோப்ளேன் செய்வதில்லை, அதன் கதவு பொருந்துகிற இடம் எத்தனை காற்றுக்குத் தாங்கும், எங்கே உடையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது. பிறகு சென்னையில் ரத்தக் குழாய்க்குள் வைக்கிற சுருளுக்கு அதே கணக்கு. அப்புறம் எங்கள் ஷெட். திரையில் வலைக்கண்களைப் பெரிதாகக் காட்டுவார். தாங்குகிற இடம் நீலம், கிழியப்போகிற இடம் சிவப்பு. ஏரோப்ளேனுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்க்கா. இழுத்தா எங்க பிய்யும்? அவ்வளவுதான் கணக்கு."

இது செக்கிங்தானே, இதற்கு இத்தனை படிக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு உதவிக்கு என்னை அனுப்பினார்கள். வெட்டிவைத்த வலைத்துண்டைத் தட்டிலிருந்து எடுத்து ஒரு வளையத்தில் இறுக்க வேண்டும். கீழிருந்து ஒரு இரும்புக் குண்டு முட்டும். துண்டு கிழிகிற நேரத்தில் எண் வரும். நான் எழுத வேண்டும். எட்டாவது வரை படித்ததற்கு அது போதும். முக்கியமாக, அங்கே எனக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. பதினெட்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்ற கால். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் என்னவென்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

கணக்கு மட்டும் சேரவில்லை. கம்ப்யூட்டர் ஒரு எண் சொல்லும், வளையம் அதற்குக் குறைவாகச் சொல்லும். அதுவும் தினமும் அதே அளவு குறைவு. மேடம் நூலை மாற்றினார், ஊசியை மாற்றினார், கணக்கை முதலிலிருந்து போட்டார். நாலு மாதம் இப்படியே போனது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். மீன் குழம்பு ஆறி ஆடை கட்டும். வலை வாங்குகிற கம்பெனி ஆட்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள், அதற்குள் சரியாகாவிட்டால் மெஷினை விற்றுவிடுவேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். மெஷின் போனால் மேடத்துக்கு அங்கே வேலையில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கொடியிலிருந்து ஊட்டுக்காரர் பனியனை எடுத்துக்கொண்டிருந்தேன். இழுத்தேன், அகலத்தில் இழுத்தேன், தட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன். ஷெட்டில் தட்டிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு துண்டையும் இதே மாதிரி இழுத்துத் தட்டித்தான் வளையத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். சூடு காட்டிப் படிய வைக்காத பச்சை வலை. இழுத்தால் கண் இடம் மாறும். இது எனக்குத் தெரியாததா?

திங்கள்கிழமை போய் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை விரல் நுனியால் எடுத்து வைத்தேன். எண் சேர்ந்தது. செவ்வாய் சேர்ந்தது. புதன்கிழமையும் சேர்ந்தது. சொன்னால் திரும்ப டேபிளுக்கு அனுப்புவார்கள். ஸ்டூல் போய்விடும். சரியாகிவிட்டதே, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடம் சந்தோஷப்படவில்லை. புதன் சாயங்காலம் ஓனர் வந்து, நூல் சரியில்லாமல் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். இனி அந்த நூல்காரன் வாசலுக்கே வரக்கூடாது என்றும் சொன்னார். மேடம் முடியாது என்றார். ஏன் தப்பானது என்று தெரியாமல் சரியாகியிருக்கிறது, அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமையோடு சரி என்று ஓனர் போய்விட்டார்.

எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. நான் என் மருமகன் கதையைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு அவராகச் சொன்னார்.

"பெங்களூர்ல ஒருதடவ கையெழுத்துப் போட்டேன்க்கா. ஏன்னே தெரியாம ஒரு கணக்கு சரியாச்சு. அவசரம்னாவ, போட்டுட்டேன். ஒண்ணும் ஆகல. ஆனா மேல ஏரோப்ளேன் சத்தம் கேட்டா இன்னைக்கும் நிமிந்து பாக்கேன்."

பையை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல்வரை விட்டுவிட்டேன்.

"மேடம், நூலு மேல தப்பில்லீங்க."

திரும்பினார்.

"நாந்தானுங்க இழுத்தேன்."

"என்னத்த இழுத்தீய?"

தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செய்து காட்டினேன். ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார், என் ஸ்டூலில். நாலு மாதம் அவர் எதிரில்தான் இழுத்திருக்கிறேன். அவர் பார்வை திரையில் இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போய்க் காய்கறிக்காரர்கள் வைத்திருக்கிற கொக்கித் தராசு ஒன்றை எடுத்து வந்தார். துண்டின் ஒரு ஓரத்தை அதில் மாட்டினார்.

"இழுங்க. எப்பவும் போல."

"நெனச்சுட்டு இழுத்தா வராதுங்க."

"அப்ப நெனக்காதீய. ஒங்க மருமகன் கதையச் சொல்லிக்கிட்டே இழுங்க."

இருபது தடவை இழுத்தேன். பத்தொன்பது ஒரே எண். ஒன்று மட்டும் கூட. அப்போது ஓனர் திரும்ப வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று வாசலில் நின்றார்.

"மெஷின்கூட இப்படி இழுக்காதுக்கா" என்றார் மேடம். பிறகுதான் அந்த யோசனை மேடத்துக்கு வந்திருக்க வேண்டும், ஓனர் பக்கம் திரும்பினார். "வலைய வைக்கிற டாக்டர் மட்டும் சும்மாவா வைப்பாரு? அவரும் இழுத்துத்தான் பாப்பாரு."

வியாழன் முழுக்க என் இழுப்பைக் கணக்கில் சேர்த்துப் போட்டார். இழுத்த துண்டுக்கு ஒரு எண், இழுக்காத துண்டுக்கு ஒரு எண். வளையம் இரண்டையும் அப்படியே சொன்னது. கம்ப்யூட்டரில் அந்த இருபதுக்கும் அவர் வைத்த பெயர் அக்கா ஒன்று, அக்கா இரண்டு, அக்கா இருபது வரைக்கும். சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். நூல்காரரைத் திரும்ப வரச்சொல்லித் தன் வாயாலேயே ஓனர் போனில் கேட்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தவர்களில் ஒருவர் வலையைக் கையில் எடுத்தார். எடுத்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். மேடம் என்னைப் பார்த்தார். இருவரும் சிரிக்கவில்லை.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனவர்கள் ஆர்டரை வேறெங்கோ கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மெஷின் போய்விட்டது. மேடம் ஐதராபாத்துக்குச் செயற்கை மூட்டு வேலைக்குப் போனார். அங்கிருந்து ஒருமுறை பேசினார். திரும்ப ஏரோப்ளேனுக்கே போகிறேன், இந்தத் தடவை சீட்டு என்றார். சீட்டில் யாரும் இழுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டேன். பெல்ட்டை இழுப்பார்கள் என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவில்லை.

நான் டேபிளுக்குத் திரும்பினேன், நின்றேன், போன வருடம் வேலையிலிருந்தே நின்றுவிட்டேன். இப்போது ஷெட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். செக்கிங்கில் வடக்கத்திப் பெண்கள். அவர்களும் இழுக்கிறார்கள்.

என் வயிற்றுக்குள் இருக்கிற வலை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியுடையது. உள்ளே வைப்பதற்கு முன் டாக்டர் இழுத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். லேசாக, என்றார்.

மேடத்தின் கம்ப்யூட்டரை மெஷினோடு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அக்கா ஒன்றிலிருந்து இருபது வரை அதற்குள்தான் இருந்தது. அந்தப் பத்தொன்பது தடவையும் வந்த எண் என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. மூன்று மாதம் எதையும் இழுக்கக் கூடாது என்றிருக்கிறார் டாக்டர். கொடியிலிருந்து துணியை ஊட்டுக்காரர்தான் எடுக்கிறார். அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலில் போடுகிறார்.