மழை பெய்த இரண்டு நாளும் அணையாத கம்ப்யூட்டர்

சி.பி.யு.வின் முதுகிலிருந்து வரும் வெதுவெதுப்பான தூசு வாசனை... கூடவே ஜன்னல் வழியாக வரும் உழவுச் சேற்றின் வாசனை. எட்டாவது முடித்த கோடை லீவு முழுக்க எனக்கு இந்த இரண்டும்தான்.

தஞ்சாவூர் மாமா லேப்டாப் வாங்கியதும் தன் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்தார். அதைப் பிரிப்பதற்கு முன் அம்மா ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு ஒயரிலும், அது சொருகியிருந்த இடத்திலும் ஒரே நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை... பத்து நிமிடத்தில் திரை எரிந்தது.

மாமா போனில், "யாரு மாட்டுனா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மூன்றாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே 'டிக்'கென்று திரை கறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துகொள்ளும். மறுபடி டிக்.

என் வகுப்புத் தோழி பானு, இதைப் படித்தால் கோபப்படாதே. முதல் தடவை அணைந்தது, நீ பாட்டு ஏற்றிக் கொடுத்த பென் டிரைவை நான் சொருகிய அன்றைக்குத்தான். யாரிடமும் கேட்காமல் சொருகியிருந்தேன். வைரஸ், என்னால்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பென் டிரைவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சோறு இறங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை தஞ்சாவூருக்கே கொண்டு போய்க் குடுத்துடுறேன். நமக்கு இது சரிப்படாது" என்றார் அப்பா. கம்ப்யூட்டர் போய்விடும். மாமா திறந்து பார்ப்பார். நான் செய்தது தெரிந்துவிடும்.

பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணன், "வைரஸ்தாம்மா. ஃபார்மட் அடிச்சுடலாம்" என்றான்.

"உன் செல்லையே மூணு தடவ ஃபார்மட் அடிச்சவன் நீ. சும்மா இரு" என்றாள் அம்மா. பிறகு எங்களைப் பார்த்து, "எப்ப எப்ப அணையுது?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை.

"மாடு மேயலைன்னா டாக்டர் என்ன கேக்குறாரு? எப்பலேருந்து, என்ன தின்னுச்சுன்னுதான? இதுக்கும் அதான். எனக்கு இன்னும் ஒரு வாரம் குடுங்க."

அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூட அடிக்கத் தெரியாது. ஆனால் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்... கேட்கும்போதெல்லாம் "சும்மா டைப்தாம்மா" என்பேன். பென் டிரைவ் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தாள். மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினாள். ரெண்டையும் சேர்த்தே செய்யலாமே என்றான் அண்ணன். "எதனால சரியாச்சுன்னு அப்புறம் எப்படிடா தெரியும்?" என்றாள்.

அந்த வாரம் திடீரென்று இரண்டு நாள் கோடை மழை. அந்த இரண்டு நாளும் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது... மறுபடி டிக்.

அம்மா தாள்களைத் தரையில் பரப்பி வெகுநேரம் பார்த்தாள். சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் கோவிந்து மாமாவின் வயல். குறுவை நாற்றங்காலுக்குப் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மோட்டார ஒருவாட்டி நிறுத்திட்டுப் போடுங்கண்ணே!"

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் அணையுதான்னு பாக்கணும்."

"ஏம்மா, என் தண்ணிக்கும் உன் பொட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

டிக். திரை கறுப்பு.

"அணைஞ்சுடுச்சும்மா!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் அணைந்தது. மோட்டார் கிளம்பும்போது கரண்ட் ஒரு நொடி இறங்குகிறது. பகலில் லைட் எரியாததால் எங்களுக்குத் தெரியவில்லை. மழை நாளில் அவர் மோட்டாரே போடவில்லை. அவ்வளவுதான்!

அப்பா அந்த வாரமே ஒரு யூ.பி.எஸ். வாங்கி வந்தார். மோட்டார் ஓடும் ஊர்க்காரிகளே, டெஸ்க்டாப் வைத்திருந்தால் யூ.பி.எஸ். இல்லாமல் சொருகாதீர்கள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அழுதேன். பென் டிரைவை எடுத்து வந்து அம்மா கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன்.

"இத வச்சுக்கிட்டா ஒம்போது நாளா சரியா சாப்புடாம இருந்த?" என்றாள். "மொதல்லயே சொல்லியிருந்தா அதையும் ஒரு வரி எழுதி, மழை அன்னிக்கே கோடு போட்டு அடிச்சு விட்டிருப்பேன்ல, கிறுக்கு. வைரஸ் மழையா வெயிலான்னு பாத்தா வரும்?"

இப்போது பிளஸ் டூ வந்துவிட்டேன். அண்ணன் வேலைக்குப் போய் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மோட்டார் எப்போது ஓடுகிறது என்றே தெரிவதில்லை. ஏதாவது நின்றால் உடனே வீடியோ பார்க்கிறோம், ஒரே நேரத்தில் பத்தையும் மாற்றுகிறோம். அப்படி உட்கார்ந்து எழுதிப் பார்க்க யாருக்குப் பொறுமை?

இதைக்கூட அம்மா போனில், போர்வைக்குள் ஒளிந்துகொண்டுதான் எழுதுகிறேன். ஏனென்றால் லேப்டாப் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே, துண்டின் மேல் கூடாரம் மாதிரிக் கவிழ்ந்து கிடக்கிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நாளை காலையில் நானேதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் லேப்டாப் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை என் கை தட்டிவிட்டது. மேஜையில் தண்ணீர் ஓடி முடிவதற்குள், "அம்மா, நான்தான்... தண்ணிய கொட்டிட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா சுவிட்சை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"எந்தப் பக்கம் கொட்டுன?"