மாப்பிள்ளை கட்டிய ஓட்டல்

ராஜபாளையத்தில் ஒரு காலத்தில் ஸ்டார் ஓட்டல் ஒன்று இருந்தது. அதை உள்ளும் புறமும் வடிவமைத்தவள் நான். இந்த வாக்கியத்தை நாலு பேர் முன்னால் ஒருவர் வாயிலிருந்து வரவழைக்கப் பல வருடம் காத்திருந்தேன். இங்கே காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நூல் வாங்க பம்பாயிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் மதுரையில் அறை எடுத்துத் தங்குவார்கள். காரில் வந்து மில்லைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். அவர்கள் தலை சாய்க்கிற மாதிரி ஓர் இடம் ராஜபாளையத்தில் இல்லை என்பது ஒரு மில் முதலாளிக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மதுரையே மூக்கில் விரல் வைக்கிற மாதிரி ஓட்டல் கட்டுகிறேன் என்று கிளம்பினார். நான் அப்போது சென்னையில் உள் அலங்காரம் படித்து முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவோடு வீட்டில் இருந்தேன். அப்பா அவருடைய மில்லில் வேலை பார்த்தவர், தவறிப்போய்விட்டார். அந்தப் பழக்கத்தில் முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார்.

"பாப்பா, ஒன் இஷ்டம் போல செய்யி. உள்ள வாரவன் வாயப் பொளக்கணும். ஆனா கரண்டு பில்லப் பாத்து நான் வாயப் பொளக்கக் கூடாது" என்றார்.

மனிதர் சாமர்த்தியசாலி. அந்த ஒரு வரியில் என் வேலை முழுவதும் அடங்கிவிட்டது.

ஏசி இல்லாமல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். வெயில் அறைகிற மேற்குப் பக்கம் இரண்டு சுவர்களாக எழுப்பி, நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டேன். வெளிச்சுவரின் அடியிலும் உச்சியிலும் சின்னச் சின்னத் துவாரங்கள் வைத்தேன். சூடான காற்று மேல்வழியாகப் போய்விடும், கீழ்வழியாகப் புதுக்காற்று நுழையும். உள்ளே முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் விட்டு அரைத்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கியது. கைவைத்தால் சில்லென்று இருக்கும். வரவேற்பு மேசையும் மாடிப்படிக் கைப்பிடியும், இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியின் தேக்கு உத்தரங்களை அறுத்து ஆசாரி செய்தவை.

திரைச்சீலைக்கு மட்டும் எனக்கு ஒரு கிறுக்கு வந்தது. ஊர்த் தறிகளில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. அதை மாதுளைத் தோலில் சாயம் ஏற்றி, இரண்டு மடிப்பாகத் தொங்கவிடலாம் என்றேன். "அடிபட்டவுக தங்குத எடமாக்கா இது?" என்று கொத்தனார் கேட்டார். தொங்கவிட்ட அன்று சாயங்கால வெயில் அந்தத் துணி வழியாக வடிகட்டி இறங்கி, கூடம் முழுக்கத் தேன் நிறத்தில் நின்றது. அதற்குப் பிறகு கொத்தனார் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது இதற்கெல்லாம் சுற்றுச்சூழலைச் சேர்த்துப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஊரில் இதன் பெயர் கஞ்சத்தனம்.

அந்தக் கட்டிடத்துக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சித் திரும்ப வெளியே விடுகிற சுவர், அதன் மேல் எண்ணெய் பெயின்ட் அடிக்கக் கூடாது. மேற்குச் சுவரின் துவாரங்களை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. திறப்பு விழா முடிந்ததும் முதலாளியை அழைத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி வந்து, இந்த இரண்டையும் காட்டிச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் முதலாளியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் ஏதோ படித்துவிட்டு வந்தவர். கழுத்தில் கேமராவோடு வேலை நடக்கிற இடத்துக்கு வருவார், சாரத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் முதலாளி சொல்லி அனுப்பினார்: "நல்ல பட்டுச்சேலையா கட்டிட்டு வாம்மா." அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். மைக்கில் ஒருவர் ஆரம்பித்தார். "இந்தக் கட்டிடத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் மனசுக்குள்ளேயே வரைந்து, இரவு பகல் பாராமல் உழைத்து..." நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிட்டேன். "...உருவாக்கிய எங்கள் வீட்டு மாப்பிள்ளை அவர்களுக்கு" என்று முடித்தார். மாப்பிள்ளை மேடையேறினார். மாலை, பொன்னாடை, பத்திரிகைக்காரர்களின் படம். கல்யாணத்துக்குக் கொடுத்த சீர் போதவில்லை என்று என் வேலையையும் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார் மாமனார்.

பாதி எழுந்தவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையில் கொத்தனாரும் ஆசாரியும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிளம்பும்போது வந்திருந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்த மாதிரி எனக்கும் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ஜாக்கெட் துணி. முதலாளி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனைக்காத பாப்பா. அல்லுடு, நம்ம மாப்பிள்ளைக்கு ஊருக்குள்ள ஒரு மதிப்பு வேணும்லா. நாளைக்கு நீ கல்யாணம் ஆகிப் போறவ. இந்தப் பேர வச்சு என்ன செய்யப்போற?"

"சரிங்கய்யா" என்றேன். கட்டிடத்தைச் சுற்றிக் காட்டவில்லை. பஸ்ஸில் அம்மா தாம்பூலப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பச்சை ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கும் ஏட்டி" என்றாள். வீட்டுக்கு வந்து அந்தத் துணியால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்தேன்.

சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் பொறாமை பிடித்தவள் என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்திருப்பார்கள். அதனால் நான் புகழ ஆரம்பித்தேன். கல்யாண வீடு, பஸ், கோயில் வாசல், எங்கே யார் கேட்டாலும், "மாப்பிள்ளை கட்டினது. அவிய மாதிரி வேலை தெரிஞ்ச ஆளே இந்தப் பக்கம் கிடையாது" என்று மனதாரச் சொன்னேன். ஓட்டலைப் பார்த்து மயங்கிய இன்னொரு மில்காரர், வேலை நடந்தபோது என்னை அங்கே பார்த்திருந்ததால், தனக்கொரு பங்களா வேண்டும் என்று என்னிடம்தான் முதலில் வந்தார். நேராக மாப்பிள்ளையிடம் அனுப்பிவைத்தேன். மறுத்தால் குட்டு உடையும் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். அந்தப் பங்களாவுக்குள் சித்திரை மாதம் நுழைந்தவர்கள் வடை சட்டிக்குள் விழுந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

ஒரு மார்கழியில் மாப்பிள்ளையை ஆண்டாள் கோயிலில் பார்த்தேன். அவரே வந்து பேசினார்.

"பொங்கலுக்கு ஓட்டலுக்கு பெயின்ட் அடிக்கலாம்னு இருக்கேன். சுண்ணாம்பு பழசு மாதிரி தெரியுது, பளபளன்னு இருந்தா நல்லாருக்கும். வெளிச்சுவர் ஓட்டையில வேற புறா அடையுது, அதையும் பூசி அடைச்சிரலாமான்னு பாக்கேன். நீங்க என்ன நெனைக்கீங்க?"

சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"உங்களுக்குத் தெரியாததா? கட்டினவங்க நீங்க" என்றேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். அதற்குள் அவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

சந்தன நிறத்தில் பளபளவென்று அடித்தார்கள். துவாரங்களை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். கோடையில் அறைகள் கொதித்தன. ஐப்பசி மழைக்குச் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. ஏசி வாங்கிப் பொருத்தினார்கள், கரண்டு போகிற நேரத்துக்கு ஜெனரேட்டர் வைத்தார்கள். அந்தப் புகையில் என் திரைச்சீலைகள் கறுத்துப்போயின. கூடத்துக்குள் நுழைந்தால் நனைந்த சாக்கு வாடை. பம்பாய்க்காரர்கள் மறுபடியும் மதுரைக்கே போய்விட்டார்கள். ஒவ்வொரு செய்தியும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மாதான் பொறுக்க மாட்டாமல், "ஒன் பிள்ளை மாதிரி வளத்த கட்டடம்ட்டி. போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்" என்றாள்.

"பிள்ளைக்கு அப்பன் வேற ஆளுன்னு மைக்கு வச்சுச் சொல்லிட்டாங்கள்லா. அவியளே பாத்துக்கிடட்டும்" என்றேன்.

கடைசியில் தொண்ணூறுகளின் நடுவில் முதலாளியே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையிலேயே நிறுத்தி பால்கோவா வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பதற்றத்தில் அவருக்கு அதுகூட உறைக்கவில்லை. ஆள் இளைத்திருந்தார்.

"செத்த நேரம் வந்து பாரு பாப்பா. அதைக் கட்டுனது நீதான்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்யா. மத்தவங்களுக்கு?"

"எம் பொண்ணு அவரோட வாழணும்லா. அவரு மொகத்துல எப்படி முழிக்கச் சொல்லுத?"

"மாப்பிள்ளையை வச்சுக்கிட்டே சொல்லுங்க. பொறவு வாரேன்."

எழுந்து போனார். பால்கோவாவை எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் அவருடைய கார் வந்து வாசலில் நின்றது.

ஓட்டல் கூடத்தில் மேனேஜர், வேலையாட்கள், மதுரையிலிருந்து வந்திருந்த கான்ட்ராக்டர் எல்லோரும் நின்றார்கள். மாப்பிள்ளை தேக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிடுதேன். இந்த ஓட்டலு இந்தப் பாப்பா கட்டுனது. மாப்பிள்ளை கட்டுனாருன்னு அன்னைக்கு நான் சொன்னது பொய்யி" என்றார்.

மாப்பிள்ளையின் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்தேன். மனம் குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன், குளிரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இவர்கள் சொல்லிவிட்டார்கள், இப்போது நான் சரிசெய்து கொடுக்க வேண்டும், நாளைக்குப் பம்பாய்க்காரர்கள் திரும்ப வருவார்கள், இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அதற்கா இத்தனை வருடம்?

சுவரோரமாக நடந்தேன். அங்கங்கே விரலால் தட்டிப் பார்த்தேன். உப்பியிருந்த பெயின்ட்டை நகத்தால் பெயர்த்தேன். அதற்கு அடியில் என் சுண்ணாம்பு வழுவழுவென்று கல்மாதிரி இருந்தது.

"உள்ளுக்குள்ள அரிச்சிருச்சிய்யா. இனி ஒண்ணும் செய்ய முடியாது. மொத்தமா இடிச்சிருங்க" என்றேன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"பெயின்ட்டைச் சுரண்டிட்டு, நான் அடைச்ச ஓட்டைகளைத் திறந்துவிட்டு, ஒரு கோடை காயவிட்டுப் பாத்தா என்ன மாமா?"

"நீங்க பேசாம இருங்க மாப்ளே" என்று அதட்டினார் முதலாளி. "கட்டுனவளே சொல்லுதா."

அடுத்த வாரமே இடித்தார்கள். அந்த ஓட்டலைப் பற்றி மாப்பிள்ளை சரியாகச் சொன்னது அந்த ஒரே தடவைதான்.